ஆறுதல் சொல்லாத ஆலோசகர்: பதற்றத்துக்கான சி.பி.டி. சிகிச்சை, ஒரு மதிப்பீடு

நெஞ்சு படபடக்கிறது, வயிற்றைக் கலக்குகிறது, கைகால் வெலவெலத்துப் போகிறது. ஈசிஜி எடுத்தாயிற்று, எக்கோவும் எடுத்தாயிற்று, எல்லாம் நார்மல். "உங்களுக்கு ஒண்ணுமில்ல, வெறும் டென்ஷன்தான்" என்று டாக்டர் சொன்னதும் இரண்டு நாள் நிம்மதி. மூன்றாம் நாள் படபடப்பு திரும்ப வந்ததும், "அந்த மெஷின்ல சரியாத் தெரியலையோ?" என்று அடுத்த ஆஸ்பத்திரி. மனநல ஆலோசகரிடம் வந்து சேர்கிறவர்களில் பலர் இந்தச் சுற்றை நாலைந்து முறை முடித்துவிட்டுத்தான் வருகிறார்கள்.

வந்த இடத்திலும் அதே மருந்துதான் பல நேரம் கிடைக்கிறது. ஐம்பது நிமிடம் மனம்விட்டுப் பேசலாம், அழலாம், "கவலைப்படாதீங்க, எல்லாம் சரியாயிடும்" என்று கேட்டுவிட்டு லேசாக வீடு திரும்பலாம். அடுத்த வாரம் அதே பாரத்தோடு மறுபடி போகலாம். பதற்றத்துக்கு ஆறுதல் என்பது சொறிக்கு நகம் மாதிரி. அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையை, அதாவது எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றிப் பதற்றத்தைக் குறைக்கும், எல்லோரும் சி.பி.டி. என்று சொல்லும் முறையை, ஒழுங்காகச் செய்யும் ஆலோசகர் இதனால்தான் ஆறுதல் சொல்வதை வேண்டுமென்றே குறைத்துக்கொள்கிறார். முதல் இரண்டு சிட்டிங்கில் இது கொஞ்சம் கறாராகத் தெரியும். அதைப் பார்த்து ஓடிவிட வேண்டாம் என்பதற்காகவே இந்த மதிப்பீடு.

அளவை முதலில் சொல்லிவிடலாம். சிகிச்சைகளுக்கு வழிகாட்டுதல் வகுக்கும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2011-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், எதற்கெடுத்தாலும் கவலைப்படும் பொதுப் பதற்றக் கோளாறுக்கு வாரம் ஒன்றாக 12 முதல் 15 சிட்டிங், ஒவ்வொன்றும் ஒரு மணி நேரம் என்கிறது. திடீரென்று வந்து தாக்கும் பேனிக் கோளாறுக்கு மொத்தம் 7 முதல் 14 மணி நேரம். ஆக, ஓராண்டாக வாரா வாரம் போய்க்கொண்டிருக்கிறீர்கள், எதுவும் மாறவில்லை என்றால், சிகிச்சை வேறெங்கோ போய்விட்டது என்று அர்த்தம்.

முதல் சிட்டிங்கில் கேட்க வேண்டிய கேள்விகளை ஆலோசகர் கேட்கிறாரா என்று பாருங்கள். தைராய்டு பார்த்தாயிற்றா, ரத்தசோகை உண்டா, ஒரு நாளைக்கு எத்தனை காபி, ஆஸ்துமாவுக்கு இன்ஹேலர் எடுக்கிறீர்களா, குடி உண்டா, தூக்கம் எப்படி? தைராய்டு சுரப்பு மிகுந்தாலும் படபடப்பு, நடுக்கம், வியர்வை எல்லாம் வரும். சால்பியூட்டமால் இன்ஹேலரும் நெஞ்சைத் துடிக்கவைக்கும். தைராய்டுக்கான டி.எஸ்.ஹெச்., ரத்தசோகைக்கான ஹீமோகுளோபின் இரண்டையும் பார்க்காமல் மனசைத் தோண்டுவது அவசரக்குடுக்கைத்தனம். தற்கொலை எண்ணம் உண்டா என்பதையும் நேரடியாகக் கேட்க வேண்டும். கேட்டால் அந்த எண்ணத்தை விதைத்துவிடுவோமோ என்று தயங்கும் ஆலோசகர் இன்னும் பயிற்சி பெற வேண்டியவர்.

நம் ஊருக்கே உரிய சிக்கல் ஒன்று உண்டு. கேள்வி மகனிடம் கேட்கப்படும், பதில் அம்மாவிடமிருந்து வரும். "இவன் சரியா சாப்பிடறதே இல்ல டாக்டர், எப்பப் பார்த்தாலும் போனு." நல்ல ஆலோசகர் குடும்பத்தை வெளியே துரத்துவதில்லை. முதல் பத்து நிமிடம் எல்லோரையும் வைத்துக்கொண்டு பேசிவிட்டு, "அம்மா, நீங்க கொஞ்சம் வெளியில உட்காருங்க, கடைசி அஞ்சு நிமிஷம் மறுபடியும் கூப்பிடறேன்" என்பார். பேசியது வெளியே போகாது என்பதையும், உயிருக்கு ஆபத்து என்ற நிலையில் மட்டும் அது மாறும் என்பதையும் அப்போதே சொல்லிவிட வேண்டும். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் 23-ஆம் பிரிவில் ரகசியம் காக்கப்படும் உரிமையைத் தந்திருக்கிறது.

அடுத்து ஒரு தாள். பதற்றத்தை அளக்கும் ஜி.ஏ.டி.-7 என்ற ஏழு கேள்விப் பட்டியல், 2006-இல் வெளியானது. கடந்த இரண்டு வாரத்தில் எவ்வளவு அடிக்கடி என்று ஒவ்வொரு கேள்விக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண், மொத்தம் 21. ஐந்து முதல் லேசானது, பத்து முதல் நடுத்தரம், பதினைந்து முதல் தீவிரம். இரண்டு நிமிட வேலை. அதனாலேயே பலர் அலட்சியம் செய்கிறார்கள். முதல் நாள் மட்டும் நிரப்பி ஃபைலில் போட்டுவிட்டால் பயனில்லை. ஒவ்வொரு வாரமும் சிட்டிங் தொடங்கும் முன் நிரப்ப வேண்டும். இங்கிலாந்தின் பொதுச் சுகாதாரப் பேச்சுச் சிகிச்சைச் சேவை, 4 புள்ளியாவது குறைந்தால்தான் அதை நம்பத்தக்க முன்னேற்றம் என்று கணக்கில் எடுக்கிறது. ஆறாவது வாரத்திலும் எண் அசையவில்லை என்றால் திட்டத்தை மாற்ற வேண்டும் என்று பேச அந்தத் தாள்தான் சாட்சி. இதில் ஒரு குறை: இந்தக் கேள்விகள் பெரும்பாலும் கவலையையும் பதற்றத்தையும்தான் கேட்கின்றன. நம்மவர்கள் பலருக்குப் பதற்றம் உடம்பில் வருகிறது. "கவலையெல்லாம் ஒண்ணுமில்ல, நெஞ்சில ஒரு பாரம், அவ்வளவுதான்" என்பார்கள். மதிப்பெண் 4 வரும், ஆள் பஸ் ஏறி ஆறு மாதம் ஆகியிருக்கும். எனவே எண்ணோடு, விட்டுவிட்ட காரியங்களின் பட்டியலையும் எழுதி வைக்கும் ஆலோசகரே விவரமானவர்.

பேனிக் கோளாறில்தான் இந்த முறையின் கைவண்ணம் தெரிகிறது. 1986-இல் உளவியலாளர் டேவிட் கிளார்க் வரைந்துகாட்டிய சுழல் இதற்கு அடிப்படை: உடம்பில் சாதாரணமாக ஏதோ ஒன்று துடிக்கிறது, "இது ஹார்ட் அட்டாக்" என்று மனம் படிக்கிறது, பயம் வருகிறது, பயத்தால் துடிப்பு கூடுகிறது, கூடிய துடிப்பு அந்தத் தவறான வாசிப்பை உறுதி செய்கிறது. ஆலோசகர் இதைப் பொதுவாக விளக்கினால் போதாது. உங்களுக்குக் கடைசியாக வந்த தாக்குதலை நிமிடம் நிமிடமாகக் கேட்டு, உங்கள் சொற்களிலேயே ஒரு தாளில் வட்டமாக வரைய வேண்டும்.

வரைந்ததோடு நின்றால் அது வகுப்பு. அடுத்து வருவதுதான் சிகிச்சை: பயப்படும் அந்த உணர்ச்சிகளை அறையிலேயே வேண்டுமென்றே வரவழைப்பது. ஒரு நிமிடம் வேகமாக, ஆழமாக மூச்சுவிடுதல். மூக்கைப் பிடித்துக்கொண்டு மெல்லிய ஸ்ட்ரா வழியாக மட்டும் இரண்டு நிமிடம் மூச்சு. சுழல் நாற்காலியில் ஒரு நிமிடம் சுற்றுதல். நின்ற இடத்திலேயே ஒரு நிமிடம் ஓட்டம். முழங்கால்களுக்கு நடுவே தலையை 30 வினாடி தொங்கவிட்டுச் சட்டென்று நிமிர்தல். ஒவ்வொன்றுக்கும் பிறகு மூன்று எண்கள்: உணர்ச்சி எவ்வளவு பலமாக இருந்தது, பயம் எவ்வளவு, வழக்கமான தாக்குதலைப் போல எவ்வளவு இருந்தது. எது மிக நெருக்கமாக ஒத்திருக்கிறதோ அதுதான் அந்த வாரத்து வீட்டுவேலை, தினமும் மூன்று நான்கு முறை. வேகமாக மூச்சுவிட்டால் ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு குறைந்து மூளைக்குப் போகும் ரத்தக்குழாய்கள் சற்றுச் சுருங்கும். தலைசுற்றல், விரல் நுனியில் ஊசி குத்தல் எல்லாம் கார்பன் டை ஆக்சைடு அப்படிக் குறைவதால் வருவதே. காரணத்தைச் சொல்லிக் கேட்பதற்கும், தானே வரவழைத்துத் தானே அடங்குவதைப் பார்ப்பதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

இதய நோய், வலிப்பு, தீவிர ஆஸ்துமா, கர்ப்பம் ஆகியவை இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் இந்தப் பயிற்சிகளைச் செய்யக் கூடாது. ஆலோசகர் இதைக் கேட்காமலே ஸ்ட்ராவை நீட்டினால் எழுந்து வந்துவிடலாம்.

"மயங்கி விழுந்துடுவேன்" என்ற பயத்துக்கும் உடலியல் பதில் இருக்கிறது. மயக்கம் ரத்த அழுத்தம் விழுவதால் வருவது. பேனிக்கில் அழுத்தமும் துடிப்பும் ஏறுகின்றன. விதிவிலக்கு ரத்தம், ஊசி பற்றிய பயம். அங்கே அழுத்தம் முதலில் ஏறிப் பிறகு சரிகிறது, நிஜமாகவே மயக்கம் வரும். அவர்களுக்கு ஸ்வீடனின் உளவியலாளர் லார்ஸ்-யோரான் ஓஸ்ட் உருவாக்கிய தசை இறுக்கும் முறை வேறாக உண்டு: கை, கால், உடல் தசைகளை 10 முதல் 15 வினாடி இறுக்கி, 20 முதல் 30 வினாடி தளர்த்தி, ஐந்து முறை. ஊசிக்குப் பயப்படுகிறவரிடம் "ரிலாக்ஸ் பண்ணுங்க" என்பது தப்பான அறிவுரை. இன்னும் சீக்கிரம் விழுவார்.

இந்தக் கட்டத்தில் அடிக்கடி நடக்கும் சொதப்பல் ஒன்று. பயிற்சி முடிந்த மறுகணம், "இப்போ மெதுவா மூச்சை இழுத்து விடுங்க, பயப்படாதீங்க" என்று ஆலோசகரே சொல்லிவிடுவார். தன் வாடிக்கையாளர் தவிப்பதை அவரால் பார்க்க முடியவில்லை. வந்தவர் கற்றுக்கொண்டு போவது என்ன? "மெதுவா மூச்சு விட்டதாலதான் பிழைச்சேன்." மூச்சுப் பயிற்சியோ, சமூக ஊடகத்தில் சுற்றும் ஐந்து பொருளைப் பார், நாலைத் தொடு வகை உத்தியோ கெட்டதல்ல. ஆனால் பேனிக் வரும்போதெல்லாம் அதைப் பிடித்துக்கொண்டு தப்பினால், அது இன்னொரு மாத்திரை.

வெளியே போகும் பயிற்சிக்கு வருவோம். பஸ் பயத்தை எடுத்துக்கொண்டால், குறைந்த பயத்திலிருந்து கூடிய பயத்துக்குப் படிப்படியாகப் போகும் ஏணி ஏறக்குறைய இப்படி இருக்கும். பஸ் ஸ்டாப்பில் ஏறாமல் 20 நிமிடம் நிற்பது, 100-க்கு 30 பயம். மதியம் காலியான பஸ்ஸில் துணையோடு ஒரு ஸ்டாப், 40. தனியாக இரண்டு ஸ்டாப், 50. உட்காராமல் நடுவில் நின்றபடி ஐந்து ஸ்டாப், 65. காலை ஒன்பது மணிக் கூட்டத்தில் கடைசி ஸ்டாப் வரை, 85. அதே பயணம் ஸ்ட்ராங் காபி குடித்துவிட்டு, தண்ணீர் பாட்டில் இல்லாமல், போனை அணைத்துவைத்து, 95. படிகள் வரிசையாக ஏற வேண்டும் என்றுகூட இல்லை. கலந்து செய்தால் கற்றது நிலைக்கிறது என்பது உளவியலாளர் மிஷெல் கிராஸ்கே போன்றவர்களின் ஆய்வு சொல்லும் திசை. அவர்கள் வலியுறுத்தும் இன்னொன்று இதைவிட முக்கியம்: போகும் முன் "என்ன நடக்கும் என்று நினைக்கிறீர்கள்?" என்பதை எழுதி வாங்குவது. "மூணாவது ஸ்டாப்புக்குள்ள மயங்கி விழுவேன், 80 சதவீதம்." திரும்பி வந்ததும் கேள்வி, "பயம் குறைந்ததா?" அல்ல, "நடந்ததா?". பயம் குறையாமலே பயணம் முடிந்தாலும் அன்றைய பாடம் தேறியதாகத்தான் கணக்கு.

ஏணி தோற்பது பெரும்பாலும் கைத்தடிகளால். பையில் தண்ணீர் பாட்டில், பர்ஸில் அரை மாத்திரை, ஜன்னல் சீட், வழி முழுக்க மனைவியோடு போனில் பேச்சு, "கேஸா இருக்கும்" என்று முன்கூட்டியே குடித்த ஜெலுசில், கொரோனா காலத்தில் வாங்கி இன்னும் விரலிலிருந்து இறங்காத ஆக்சிமீட்டர். இவற்றோடு நூறு முறை போனாலும் "அது இருந்ததால தப்பிச்சேன்" என்றே மனம் எழுதிக்கொள்ளும். முதல் படிகளில் ஒன்றிரண்டு இருந்துவிட்டுப் போகட்டும். எந்த வாரம் எதை விடுவது என்று தேதி போட்டிருக்க வேண்டும். விபூதி, தாயத்து, ஜபம் பற்றி நல்ல ஆலோசகர் நிதானமாகக் கேட்பார்: தினமும் செய்யும் வழிபாடா, பஸ் ஏறும்போது மட்டும் செய்வதா? முன்னது பக்தி, அதில் அவருக்கு வேலையில்லை. பின்னதைப் பற்றிப் பேசலாம், நெற்றியைத் துடைக்கச் சொல்லாமல்.

பொதுப் பதற்றத்துக்கு வேறு கருவிகள். உளவியலாளர் தாமஸ் போர்கோவெக்கின் குழு 1983-இல் சோதித்த கவலை நேரம் இன்றும் எளிமையாக வேலை செய்கிறது: தினமும் அதே நேரம், அதே இடம், 30 நிமிடம், அப்போது மட்டும் கவலை. பகலில் எட்டிப் பார்க்கும் கவலையை ஒரு வரியில் குறித்துவைத்து, "ஆறு மணிக்குப் பார்த்துக்கலாம்" என்று தள்ளிவிட வேண்டும். ஆறு மணிக்குப் பட்டியலைப் பார்க்கும்போது பாதி சப்பென்றிருக்கும். தோற்பதற்கு வழக்கமான காரணம், அந்த இடம் படுக்கையாக இருப்பது. இரண்டாவது, நாலு நாளில் கைவிடுவது.

எண்ணப் பதிவேடு பற்றி எங்களுக்கு அவ்வளவு உற்சாகம் இல்லை. சூழல், உணர்ச்சி, ஓடிய எண்ணம், ஆதரவான சான்று, எதிரான சான்று, நிதானமான பதில் என்று கட்டம் கட்டமாக நிரப்புவது. ஆங்கிலப் படிவத்தை அப்படியே மொழிபெயர்த்துத் தந்தால் எண்ணம் என்ற கட்டத்தில் "பயமா இருந்துச்சு" என்றுதான் வரும், அது உணர்ச்சி. "அந்த நிமிஷம் மனசுல ஓடின வரி என்ன, இல்ல தெரிஞ்ச காட்சி என்ன?" என்று கேட்டால்தான் "மேனேஜர் கூப்பிடறார், வேலை போச்சு" என்பது வெளியே வரும். பதிலும் கோணலாகப் போகலாம். "எல்லாம் நல்லதே நடக்கும்" என்பது பதில் அல்ல, அது வாழ்த்து. "போன ஆறு முறை கூப்பிட்டதில் அஞ்சு முறை ரிப்போர்ட் கேட்டார், ஒரு முறை திட்டினார், வேலை போனாலும் இரண்டு மாத நோட்டீஸ் உண்டு" என்பதுதான் பதில்.

இந்தச் சேவை நிஜமாகத் தடுமாறும் இடம், கவலைக்குக் காரணம் கண்ணெதிரே நிற்கும்போது. 25,000 சம்பளத்தில் 18,000 இ.எம்.ஐ. கட்டுகிறவருக்கு "உங்கள் எண்ணத்துக்குச் சான்று என்ன?" என்று கேட்பது கேலி. பாஸ்புக்தான் சான்று. இங்கே மாற வேண்டியது கருவி: 1971-இல் உளவியலாளர்கள் டிசுரில்லாவும் கோல்ட்ஃபிரைடும் வகுத்த பிரச்சினை தீர்க்கும் முறை. பிரச்சினையை ஒரு வாக்கியத்தில், எண்ணோடு எழுது. நல்லது கெட்டது பார்க்காமல் குறைந்தது பத்து வழிகளை அடுக்கு. பிறகு ஒவ்வொன்றின் லாபம் நட்டம். ஒன்றைத் தேர்ந்தெடு, யார், எந்தத் தேதிக்குள் என்று குறி. அடுத்த வாரம் பார். கடன்காரரோடு தவணையை மாற்றிப் பேசுவது, நகையை விற்று அதிக வட்டிக் கடனை முடிப்பது, அண்ணனிடம் உண்மையைச் சொல்வது எல்லாம் பட்டியலில் வரும். பெரும்பாலும் தடையாக இருப்பது கணக்கு அல்ல, அந்த மூன்றாவது வழி; ஆலோசகரின் திறமை தேவைப்படுவதும் அங்கேதான்.

வீட்டில் அடி வாங்கும் பெண்ணுக்குப் பயத்தை எதிர்கொள்ளும் பயிற்சி தருவது பிழை மட்டுமல்ல, ஆபத்து. அவருடைய பயம் சரியான பயம். 181 பெண்கள் உதவி எண்ணும், பாதுகாப்பான இடமும், மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவும் முதலில். பெண்களுக்கு வருமான வரம்பில்லாமல் இலவசச் சட்ட உதவி உண்டு என்பது பல ஆலோசகர்களுக்கே தெரிவதில்லை.

குடும்பத்துக்கு ஒரு சிட்டிங் ஒதுக்குவது வீண்செலவு அல்ல. "எனக்கு ஒண்ணும் ஆகாதுல்ல?" என்று ஒரு நாளைக்கு இருபது முறை கேட்கும் கணவருக்கு இருபது முறையும் "ஆகாதுங்க" என்று சொல்லும் மனைவி, அன்போடு நோயை வளர்க்கிறார். திடீரென்று வாயை மூடிக்கொண்டாலும் சண்டைதான். மூவரும் உட்கார்ந்து முன்கூட்டியே ஒரு வாக்கியத்தை முடிவு செய்ய வேண்டும்: "இது அந்தக் கேள்விங்க. இதுக்குப் பதில் சொல்றதில்லைன்னு பேசியிருக்கோம், வாங்க காய் நறுக்கலாம்." முதல் வாரம் முகம் சுளிப்பு இருக்கும்.

மாத்திரை பற்றிச் சுருக்கமாக. உளவியலாளர் மருந்து எழுத முடியாது, மனநல மருத்துவர் எழுதலாம். தீவிரமான நிலையில் இரண்டும் சேர்ந்து போவதில் தவறில்லை. எஸ்.எஸ்.ஆர்.ஐ. வகை மருந்து (மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் தினமும் தருவது) வேலை செய்ய சில வாரம் ஆகும். தொடக்கத்தில் பதற்றம் சற்றுக் கூடுவதும் உண்டு. ஆல்பிரசோலம், குளோனசிபாம் போன்ற மாத்திரைகள் பதற்றத்தை உடனே அடக்கும், பழக்கமாகும், சட்டென்று நிறுத்தக் கூடாது. பஸ் பயிற்சிக்கு முன் அரை ஆல்பிரசோலம் போட்டுக்கொண்டு போனால் அன்றைய பயிற்சி கணக்கில் சேராது.

ஆளைத் தேர்ந்தெடுப்பது எப்படி? போர்டில் கவுன்சலர் என்று எழுதிக்கொள்ள வார இறுதி வகுப்புச் சான்றிதழ் போதும் என்ற நிலை நம் ஊரில் உண்டு. மருத்துவ உளவியலாளர் என்றால் இந்திய மறுவாழ்வுக் குழுமத்தின் பதிவு எண் இருக்க வேண்டும், கூச்சப்படாமல் கேளுங்கள். போனிலேயே மூன்று கேள்வி கேட்கலாம்: பேனிக்குக்கு என்ன முறை பயன்படுத்துகிறீர்கள், ஏறக்குறைய எத்தனை சிட்டிங், அறைக்கு வெளியே பயிற்சி உண்டா? மூன்றாவதற்குத் தயக்கமோ, "அதெல்லாம் போகப் போகப் பார்க்கலாம்" என்ற பதிலோ வந்தால் வேறு இடம் பார்க்கலாம். கட்டணத்தைச் சிட்டிங் கணக்கில் பார்க்காமல் மொத்தமாகப் பாருங்கள். 1,500 ரூபாய் வீதம் 12 சிட்டிங் 18,000. 700 ரூபாய் வீதம் முடிவில்லாமல் போனால் ஓராண்டில் அதன் இருமடங்கு. கையில் பணம் இல்லை என்றால் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவும், 2022 அக்டோபர் 10-இல் தொடங்கிய, அரசின் தொலைபேசி மனநல உதவியான டெலி மானஸ் 14416 எண்ணும் உண்டு. தமிழிலேயே, எந்த நேரமும் பேசலாம். அரசு ஓ.பி.யின் கூட்டத்தில் ஏணி போட்டு 12 வாரம் உங்களுடன் வருவார்கள் என்று எதிர்பார்க்க முடியாது. நோயைச் சரியாகக் கண்டறியவும் மருந்துக்கும் அது போதும்.

கடைசி மூன்று சிட்டிங்கும் வாரா வாரம் இருக்கக் கூடாது. இரண்டு வாரம், பிறகு ஒரு மாதம், பிறகு மூன்று மாதம் என்று இடைவெளி விட்டு முடிக்கிறவர் சரியாகச் செய்கிறார். அதற்குள் உங்கள் கையெழுத்தில் ஒரு பக்கத் தாள் தயாராகியிருக்க வேண்டும்: எந்தக் கைத்தடிகள் முதலில் திரும்பி வரும், எந்தக் காலத்தில் பதற்றம் கூடும் (தூக்கமில்லாத வாரம், காய்ச்சலுக்குப் பின், சொந்தத்தில் யாருக்காவது மாரடைப்பு என்ற செய்தி), ஒரு நாள் பஸ்ஸிலிருந்து பாதியில் இறங்கிவிட்டால் என்ன செய்வது. அந்தக் கடைசி வரிக்கு நேரே எழுதியிருக்க வேண்டியது: ஏணியில் இரண்டு படி கீழே இறங்கி, மறுநாளே மறுபடி ஏறுவது.